தேவகி ஜட்ஜ் ஆகிறாள்

ராயபுரம்

அன்புள்ள பாஸ்கர்,

அம்மாவுக்கு முழங்கால் வலிதான், மற்றபடி எல்லாரும் நலம். அதை விடு, பெரிய சேதி: நம் தேவகி சிவில் ஜட்ஜ் தேர்வில் தேறிவிட்டாள்! 'ஜாமீன் தேவகி' என்று நீ வைத்த பெயரை இனி மாற்றியாக வேண்டும். குமாஸ்தா அண்ணன் ஜார்ஜ் டவுன் கோர்ட் முழுக்க பால்கோவா கொடுத்துத் தீர்த்தார்.

எனக்கு அன்றிலிருந்து ஒரே யோசனைடா: குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடியவள், இனி மாஜிஸ்திரேட் மேடையில் உட்கார்ந்து தண்டனை கொடுக்கவும் வேண்டியிருக்கும். சாதாரணத் திருட்டுக்கு மூன்று வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்கிறது சட்டம். ஒரு நாளா, மூன்று வருடமா என்பதற்கு நம்மிடம் எந்த அட்டவணையும் கிடையாது. மேடையில் இருப்பவரின் மனசுதான். தண்டனை பற்றி என்ன சொல்கிறாய் என்று கேட்கும் கட்டம் எத்தனை கோர்ட்டில் இரண்டு நிமிடத்தில் முடிகிறது! பையன் "அம்மாவுக்கு நான்தான் சார்" என்று முனகும்போதே பேனா ஓடுகிறது. முதல் குற்றம் என்றால் நன்னடத்தைப் பிணையில் விட 1958ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. புழல் சிறைக்கு நடையாய் நடந்து இலவச சட்ட உதவி வழக்கு நடத்திய தேவகிக்கு அது தானாக ஞாபகம் வரும்.

சுப்ரீம் கோர்ட் ஜட்ஜாக இருந்த கிருஷ்ணய்யரைப் பார். நம் கல்லூரியில் படித்தவர். 1948இல் சிறையில் இருந்தவர், 1957இல் கேரளத்தில் சிறைத்துறையையும் கவனித்த அமைச்சர். 1978இல் சுனில் பத்ரா வழக்கில் தனிமைச் சிறை பற்றி அவர் எழுதியது உள்ளே இருந்து பார்த்தவரின் எழுத்து. அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கோ, ஏழைகளுக்காக அரசுச் சம்பளத்தில் வாதாடிய ஒருவர் நீதிபதியாக வர 2022 ஆயிற்று: கேட்டன்ஜி பிரவுன் ஜாக்சன்.

மூன்று வருடம் வக்கீலாக இருந்தால்தான் சிவில் ஜட்ஜ் தேர்வு எழுதலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2025 மே மாதம் மறுபடி சொன்னது சரிதான். ஆனால் எந்தப் பக்கம் நின்ற மூன்று வருடம்?

இதில் தேவகியைப் பற்றியும் எனக்குக் கவலை உண்டு. தாலிச்செயினைப் பறிகொடுத்த அக்கா சாட்சிக் கூண்டில் அழுவதை அவள் பார்த்ததெல்லாம் குறுக்கு விசாரணை செய்யும் இடத்திலிருந்து. ஏபிபியாக, அதாவது அரசுத் தரப்பு வக்கீலாக, அந்த அக்காக்களைக் கையோடு அழைத்து வந்தவன் நீ. பயிற்சிக்குப் போகுமுன் அவளைக் கூப்பிட்டு நிதானமாகப் பேசு. நான் சொன்னால் கேட்கமாட்டாள், உன்னிடம் சண்டை போட்டாவது கேட்பாள்.

அப்புறம், தண்டையார்பேட்டை வீட்டுப் பத்திர நகலைக் கூரியரில் போட்டிருக்கிறேன். வந்ததும் சொல்.

அன்புடன்,
சேகர்