கிணறு தெரிந்த மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

இந்த வாரமும் நீ பேசவில்லை. வேலை அதிகம் என்று ஒரு வரி அனுப்பியிருந்தாய், சரி. தம்பியின் பரீட்சை முடிவு வந்துவிட்டது, அதை அப்புறம் எழுதுகிறேன்.

நீ எண்ணெய்க் கிணறு தோண்டும் டிரில்லிங்கை விட்டு, கரியமில வாயுவைப் பூமிக்கடியில் புதைக்கும் கார்பன் பிரிவுக்குப் போனதிலிருந்து எண்ணெய் கம்பெனிகளைப் பற்றிய செய்தி எதையும் நான் விடுவதில்லை. 2030-க்குள் உற்பத்தியை 40 சதவீதம் குறைப்போம் என்று 2020-இல் பிரிட்டிஷ் எண்ணெய் கம்பெனி பிபி சொன்னது. 2023-இல் அது 25 ஆனது. 2025 பிப்ரவரியில் எண்ணெய், எரிவாயுவில் போடும் முதலீட்டை ஆண்டுக்கு 1,000 கோடி டாலர் என்று ஏற்றி, பசுமைத் திட்டங்களில் 500 கோடிக்கு மேல் வெட்டிவிட்டார்கள். ஷெல்லும் 2024-இல் தன் கார்பன் குறைப்பு இலக்கைத் தளர்த்தியது. பங்குதாரர்கள் நெருக்கினால் இப்படித்தான். உங்கள் கம்பெனியில் எப்படி என்று நான் கேட்கவில்லை. நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். கிணற்றடியில் வரும் புகையைக் குறைத்துவிட்டுப் பெருமை பேசுகிறார்கள். விற்ற எண்ணெயை எரிக்கும்போது வருவதுதானே பெரும்பங்கு? டென்மார்க்கின் டாங் எனர்ஜி மட்டும் 2017-இல் எண்ணெய் வயல்களையே விற்று, ஓர்ஸ்டெட் என்று பெயர் மாற்றிக் கடல் காற்றாலைக்குப் போனது. பெரும்பங்கு அரசிடம் இருந்ததால் முடிந்தது என்று நினைக்கிறேன்.

உங்கள் கம்பெனியும் வேலையை விடச் சொல்லிக் காகிதம் நீட்டினால், அவசரப்பட்டு எதிலும் கையெழுத்துப் போடாதே. பெரியப்பா விஷயம் உனக்குத் தெரியும்.

பழைய வேலையிலேயே இருந்திருக்கலாம் என்று அம்மா சொல்கிறாள். நானும் அன்று அதைத்தான் சொன்னேன், நீ கேட்கவில்லை. ஆனால் 2025 ஆகஸ்டில் நார்வேயின் நார்தர்ன் லைட்ஸ் திட்டத்தில், சிமென்ட் ஆலையில் பிடித்த கரியமில வாயுவைக் கடல் தரைக்கு 2,600 மீட்டர் கீழே செலுத்தினார்கள் என்று படித்தபோது, இது என் மகள் செய்கிற வேலை என்று பக்கத்தில் இருந்தவரிடமெல்லாம் சொன்னேன். எந்தப் பாறை தாங்கும், எது கசியும் என்று பார்க்கத் தெரிந்தவள் நீ. எண்ணெய் எடுத்தாலும் வாயுவைப் புதைத்தாலும் பூமிக்கடியில் இருக்கும் வெப்பத்தை எடுக்கத் துளை போட்டாலும் அந்த அறிவு வேண்டும். இந்தக் கம்பெனி இல்லாவிட்டால் இன்னொன்று.

மறுபடியும் சொல்கிறேன், கையெழுத்துப் போடாதே. உன் ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் எத்தனை மாதம் என்று பார்த்து எழுது. ஞாயிற்றுக்கிழமை பேசு. அம்மா பக்கத்தில் இருந்தால் பொதுவாகப் பேசிவிட்டு வை, நான் அப்புறம் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா