மிச்சிகனுக்கு அளவெடுத்துத் தைத்த தோட்டா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த 360 பக்ஹேமர் தோட்டா பற்றிய கட்டுரையைப் படித்தேன். கைப்பிடிக்குக் கீழே உள்ள நெம்புகோலை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் அமெரிக்க லிவர் ரைஃபிளுக்கென்று வந்திருக்கும் இந்தத் தோட்டா கரடி முதல் காட்டுமாடு வரை எதையும் சாய்த்துவிடும் என்றும், மேற்கு மாவட்ட விவசாயிகளுக்கு இப்படி ஒன்று கிடைத்தால் காட்டுப்பன்றித் தொல்லை ஒழிந்துவிடும் என்றும் எழுதியிருந்தார்கள். முதல் பேச்சு கொஞ்சம் மிகை. இரண்டாவது பேச்சு எங்கள் பக்கம் ஒரு ராத்திரிகூடக் காவல் இருக்காதவர் எழுதியது.

நான் கோவையில் ஒரு பம்ப் கம்பெனி டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நரசீபுரம் பக்கம் மலையடிவாரத்தில் தோட்டம். அப்பா வழியில் வந்த இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று லைசென்ஸோடு இருக்கிறது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனுக்குப் போய்த் திரும்புவதுதான் அது செய்யும் பெரிய வேலை. மகள் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் தென்பகுதியில் இருக்கிறாள். அங்கே நவம்பர் 15ஆம் தேதி துப்பாக்கி மான் வேட்டை தொடங்கும். தீபாவளி மாதிரி ஊரே காத்திருக்கும். நான் போயிருந்தபோது மாப்பிள்ளையின் பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் ரைஃபிளையும் இந்தத் தோட்டாவையும் மேஜையில் பரப்பிக் காட்டினார். பழக்கதோஷம், சட்டைப் பையில் இருந்த ஸ்டீல் ஸ்கேலை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். மருந்து அடைத்த பித்தளைக் கூடு மட்டும் 1.80 அங்குலம். வாயிலிருந்து அடிவிளிம்பு வரை தோள் கிடையாது, கழுத்து கிடையாது, நேரான சுவர். பக்கத்தில் இருந்த பழைய 30-30 தோட்டாவின் கூடு 2.04 அங்குலம், மேலே கழுத்து ஒடுங்கியிருக்கும். இந்தப் புதுசு அதே 30-30 கூட்டைச் சுருக்கி, வாயை 0.358 அங்குலக் குண்டுக்கு விரித்துச் செய்தது.

எதற்காக 1.80 என்றுதான் கட்டுரை கேட்டிருக்க வேண்டும். 2023இல் ரெமிங்டன் இதைக் கொண்டுவந்தபோது தென் மிச்சிகனில் ரைஃபிளுக்கு இருந்த விதி இது: கூடு நேர்ச்சுவராக இருக்க வேண்டும், குண்டின் விட்டம் 0.35 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, கூட்டின் நீளம் 1.16க்கும் 1.80க்கும் இடையில் இருக்க வேண்டும். வீடும் வயலும் கலந்த சமவெளியில் நெடுந்தூரம் பாயும் ரைஃபிள் குண்டு ஆபத்து என்று முன்பு அங்கே ஷாட்கன் போன்ற குறைந்த தூரம் பாயும் துப்பாக்கிகள்தான். அதைத் தளர்த்தியபோது வைத்த அளவு அது. ஒஹாயோ, இண்டியானா, அயோவா மாநிலங்களிலும் அப்போது நேர்ச்சுவர் விதி வேறு வேறு விதமாக இருந்தது. ஆக, தோட்டாவின் நீளத்தை முடிவு செய்தது கரடியும் இல்லை, காட்டுமாடும் இல்லை. மிச்சிகன் சட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது.

லிவர் ரைஃபிளில் குண்டின் மூக்கு ஏன் தட்டை என்பதையும் கட்டுரை விட்டுவிட்டது. பெரியவர் ரைஃபிளின் பக்கவாட்டுக் கதவைக் கட்டைவிரலால் அழுத்தி ஒவ்வொரு தோட்டாவாக உள்ளே தள்ளினார். குழலுக்கு அடியில் இன்னொரு குழல், அதற்குள் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். ஒன்றின் மூக்கு முன்னால் இருப்பதன் ப்ரைமரில், அதாவது அடிபட்டால் மருந்தைப் பற்றவைக்கும் அடிப்பொட்டில், முட்டிக்கொண்டு நிற்கும். மூக்கு கூராக இருந்தால், சுடும் உதைப்பில் உள்ளேயே வெடிக்க வாய்ப்பு உண்டு. அதனால் தட்டை. தட்டை மூக்கு காற்றைக் கிழிக்காது, வேகம் சீக்கிரம் இறங்கும். 2005இல் ஹார்னடி கம்பெனி ரப்பர் போன்ற மெத்தென்ற முனை வைத்துக் கூர்க் குண்டு கொண்டுவந்தது இந்தத் தொல்லைக்குத்தான்.

இனி எடை போட்டுப் பார்ப்போம். 180 கிரெய்ன் குண்டு, அதாவது சுமார் 12 கிராம், நொடிக்கு 2400 அடி வேகத்தில் வெளியேறுகிறது. குழல் வாயில் சுமார் 2300 அடி-பவுண்டு ஆற்றல். 30-30இல் 150 கிரெய்ன் குண்டுக்கு 1900 வரும். 1895இல் வந்த தோட்டாவைவிட 400 கூடுதல், குண்டும் தடிமன். மானுக்கு 1000 அடி-பவுண்டு போதும் என்பது அமெரிக்க வேட்டைக்காரர்களின் பழைய கணக்கு. 200 கெஜத்துக்குள் இது அதைத் தாண்டும். உதைப்பும் தோளைப் பெயர்க்காது. நல்ல மான் தோட்டா, அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் எல்க் என்னும் பெரிய மானுக்கே 1500 வேண்டும் என்பார்கள். தூரம் கூடக்கூட இது அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விடும். பெரிய கரடிக்குப் போகிறவர்கள் இன்றும் 1873இல் அமெரிக்க ராணுவத்துக்கு வந்த 45-70ஐத்தான் எடுக்கிறார்கள். அதில் 325 கிரெய்ன் குண்டு 3000 அடி-பவுண்டு வரை தரும். ஆனால் அதன் கூடு 2.1 அங்குலம், அந்த மிச்சிகன் விதிக்குள் அடங்கவில்லை. காட்டுமாட்டை இந்தப் பட்டியலில் எதற்குச் சேர்த்தார்களோ தெரியவில்லை. ஆயிரம் கிலோ வரை வளரும் பிராணி. அதைச் சுடுவது இங்கே 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

சரி, நம் பன்றிக்கு வருவோம். ஆண் பன்றி நூறு கிலோவைத் தாண்டும். சுட்டால் இந்தத் தோட்டாவுக்கு விழும்தான். ஆனால் அதற்கு அமெரிக்கா எதற்கு? இஷாபூர் தொழிற்சாலையின் 315 ரைஃபிளே போதும். அதன் கதையும் இதே கதைதான். 303 ராணுவத் தோட்டா, தனியார் கைக்குப் போகக் கூடாது என்று வெள்ளைக்காரன் தடுத்தான். அந்த இடத்துக்கு வந்ததுதான் 8 மில்லிமீட்டர் 315.

எங்கள் சிக்கல் தோட்டாவில் இல்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைப் பிடிக்கவும் முடியாது, சுடவும் முடியாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டரைத் தாண்டினால்தான் சுடலாம், அதுவும் வனத்துறை ஆட்களே சுட வேண்டும். என் தோட்டத்து வேலியிலிருந்து காட்டு எல்லை கூப்பிடு தூரம். நிலக்கடலைச் செடியை மூக்கால் உழுதுவிட்டுப் போவதைக் காலையில் போய்ப் பார்க்கலாம். வரப்பு ஓரம் தென்னங்கன்று குருத்தோடு சாய்ந்து கிடக்கும், அடியில் நுங்குபோல் இருக்கும் பாகத்தை மட்டும் தின்றிருக்கும். எனக்கு 360 கிடைத்தால் என்ன, 45-70 கிடைத்தால் என்ன? கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர் உத்தரவு போட்டு, லைசென்ஸ் வைத்திருப்பவரைக் கொண்டு சுட வைக்கிறார்கள். இங்கே அது இல்லை.

அதையும் கண்ணை மூடிக்கொண்டு நான் கேட்கவில்லை. இருட்டில், தோட்டத்துக்குத் தோட்டம் சாளை, அதாவது ஆள் குடியிருக்கும் வீடு, இருக்கும் இடத்தில் ரைஃபிள் குண்டு குறி தவறினால் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேலும் போகும். பரண் மேலிருந்து கீழ்நோக்கிச் சுட்டால் தவறிய குண்டு மண்ணில் இறங்கும். சுடத் தெரிந்த ஆள், நல்ல விளக்கு, பரண், கூப்பிட்டால் அன்றைக்கே வரும் வண்டி, இவைதான் குறை. அந்தக் குறை நீடிக்கும் வரை யாராவது ரகசியமாக அவுட்டுக்காய், அதாவது தீனிக்குள் மறைத்த நாட்டுவெடி, வைத்துக்கொண்டுதான் இருப்பார்கள். அதைக் கடித்து வாய் கிழிந்த யானைகள் பட்டினி கிடந்து சாவதும் நிற்காது.

துப்பாக்கிக் கட்டுரை போடவே கூடாது என்று சொல்லவில்லை, நானே விரும்பிப் படித்தேன். அடுத்த வாரம் அதே பக்கத்தில், தன் நிலம் மூன்று வளையத்தில் எதில் வருகிறது என்று விவசாயி எப்படித் தெரிந்துகொள்வது, பயிர் இழப்பீட்டுக்கு யாரிடம் மனு கொடுப்பது, சிட்டா அடங்கலோடு வேறென்ன தாள் வைக்க வேண்டும் என்று விசாரித்துப் போடுங்கள். எங்கள் ஊர் டீக்கடையில் வெட்டி ஒட்டி வைக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
நரசீபுரம், கோவை மாவட்டம்.