கரையா, போத்தலா?

தலவாக்கலை

அன்புள்ள ராஜு,

நான்கு மாதமாகப் பதில் எழுதாததற்கு மன்னித்துவிடு. வீட்டில் எல்லாரும் சுகம்; கணக்குப்பிள்ளை மாமாவின் கண் சத்திரசிகிச்சையும் நல்லபடியாக முடிந்தது. இப்போது அவசரமாக எழுதக் காரணம் வேறு. நீர்த்தேக்கக் கரையில் உணவகமும் மதுச்சாலையும் கட்ட நினைக்கும் ஒருவர், ஊராரின் சம்மதக் கையெழுத்துக் கேட்டு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தார். அமெரிக்காவின் மிச்சிகனில், மதுச்சாலைகளுக்கு அனுமதி கொடுத்ததால்தான் ஆற்றங்கரைகள் உயிர்பெற்றன என்று நீ எழுதிய கடிதத்தை அன்றிரவு மறுபடியும் எடுத்துப் படித்தேன்.

உற்சாகத்தில் நீ வேகமாகக் கடந்துபோன இடத்தில்தான் என் மனம் நின்றது. அங்கே 1,500 பேருக்கு ஒரு மதுச்சாலை என்பது பொதுக் கணக்கு. அதற்கு மேலும் கொடுக்க 2006ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டாலும், மேம்பாட்டு வட்டாரத்தில் முந்தைய ஐந்து ஆண்டுகளில் நடந்த ஒவ்வொரு 200,000 டொலர் முதலீட்டுக்கும் ஒன்றுதான் கிடைக்கும். கேட்பவர் தன் கட்டடத்தைச் சீரமைக்க 75,000 டொலராவது செலவிட வேண்டும், 20,000 டொலர் கட்டணமும் கட்ட வேண்டும். அனுமதிப்பத்திரத்தை வேறிடத்துக்குக் கொண்டுபோக முடியாது. வியாபாரம் நின்றால் அரசிடமே ஒப்படைக்க வேண்டும். கரை வளர்ந்ததால் அனுமதி வந்தது, ராஜு. நீ அதைத் தலைகீழாகப் படித்திருக்கிறாய் என்று அஞ்சுகிறேன்.

இங்கே இலங்கையில் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டந்தான் இன்னும் அடிப்படை. அனுமதிப்பத்திரங்கள் அரசியல் சிபாரிசில் கைமாறியதாக எழுந்த கூச்சலையும், 2024 கடைசியில் அவற்றின் பட்டியல் பாராளுமன்றத்துக்கு வந்ததையும் நீயும் அறிவாய். மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியதிலிருந்து தண்ணீர் நம் ஊர் வாசல்வரை வந்து நிற்கிறது. வெளியூர்க்காரர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நல்ல தேத்தண்ணீர்க் கடையும், உட்கார நாலு இடமும், நம் பிள்ளைகளுக்கு வேலையும் அந்தக் கரையில் வர வேண்டும் என்று நானும் மனதார விரும்புகிறேன்.

ஆனால் அந்தக் கரைக்கு மேலே தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயம் இருக்கிறது. சம்பள நாளான பத்தாம் திகதி இரவுகளில் உன் அப்பாவைக் கள்ளுத் தவறணையிலிருந்து கூட்டிவர நாம் இருவரும் லாந்தரோடு போனதையும், திரும்பும் வழியெல்லாம் நீ ஒரு வார்த்தை பேசாமல் நடந்ததையும் நான் மறக்கவில்லை. 2024இல் தோட்ட நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனதும் எங்கள் வரிசையில் எத்தனை பெண்கள் முதலில் நகைச்சீட்டை மீட்டார்கள் தெரியுமா? அந்தப் பணம் மீண்டும் கரையிறங்கிப் போவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

வந்தவரிடம் மூன்று கேட்டிருக்கிறேன்: உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கு மட்டுமே பரிமாற வேண்டும், போத்தல் வெளியே போகக் கூடாது, அனுமதி அந்தக் கட்டடத்தை விட்டு நகரக் கூடாது. மூன்றையும் எழுத்தில் தந்தால் கையெழுத்திடுகிறேன் என்றேன். அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார். அதற்குள் மிச்சிகனின் அந்தச் சட்டப் பிரிவை அப்படியே பிரதியெடுத்து அனுப்பு, அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். உங்கள் தெருவில் முதலில் மூடப்பட்டதாக நீ எழுதிய மதுச்சாலையின் அனுமதி உண்மையாகவே அரசிடம் திரும்பிப் போனதா என்பதையும் விசாரித்து எழுது.

அன்புடன்,
உன் சிவா