செல்வத்துக்கு: வண்டி வீடும் உறைபனியும்

கடலூர் முதுநகர்,
ஐப்பசி மாதம்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்தது. வீட்டைக் கொடுத்துவிட்டு நீயும் தங்கச்சியும் ஆர்.வி. என்கிற வண்டி வீட்டிலேயே குடியேறிவிட்டதைப் படித்து சந்தோஷப்பட்டேன். குளிர்காலத்துக்கும் அமெரிக்காவில் அந்த உறைபனி மின்னசோட்டாவிலேயே இருக்கப் போவதாக எழுதியிருந்த வரியில்தான் மனசு நின்றுவிட்டது. குழாய்க்கெல்லாம் பஞ்சு சுற்றியாகிவிட்டது, இனிக் கவலையில்லை என்கிறாய். எனக்குக் கவலை இருக்கிறது.

இங்கே நாலு நாளாக அடைமழை. துறைமுகத்தில் படகுகள் கட்டிக்கிடக்கின்றன, ஐஸ் கம்பெனியிலும் வேலை இல்லை. அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

ஐஸ் கேனை நாங்கள் விளிம்பு வரை நிரப்ப மாட்டோம், நீயே பார்த்திருக்கிறாய். தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். ஒரு வருஷம், கேன்களை இறக்கி ஐஸ் உறையவைக்கும் உப்புத்தண்ணித் தொட்டியை ஒட்டிப் போன குழாய் உறைந்து வெடித்தது. ஐஸ் இருந்த இடத்தில் வெடிக்கவில்லை, இரண்டடி தள்ளி வெடித்தது. ஐஸுக்கும் மூடின வால்வுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீருக்குப் போக வழி இல்லை, அந்த அழுத்தம்தான் குழாயைப் பிளந்தது. உன் வண்டியில் பெக்ஸ் என்கிற பிளாஸ்டிக் குழாய் என்றால் கொஞ்சம் விரிந்து கொடுக்கும். இணைப்புகள் கொடுக்காது.

பஞ்சு சூட்டை உண்டாக்காது, இருக்கிற சூடு போவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். கேஸை மிச்சம் பிடிக்க கரண்டு ஹீட்டர் வாங்கியதாக எழுதியிருக்கிறாய். அதையே நம்பியிருக்காதே. பல வண்டிகளில், கேஸில் எரிந்து வண்டியைச் சூடாக்கும் ஃபர்னஸின் சூடான காற்று தரைக்கு அடியிலும் போகும், தொட்டிகள் உறையாமல் இருப்பது அதனால்தான். ஹீட்டர் உன் காலைச் சூடாக்கும், அடியில் தொட்டி உறைந்துகொண்டிருக்கும். வண்டியைச் சுற்றித் தரை வரைக்கும் ஃபோம் பலகை அடைத்துவிடு. ராத்திரியில் சிங்க் அடியில் உள்ள கதவுகளைத் திறந்து வை.

வெளியிலிருந்து வண்டிக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஹோஸ், சூடாக்கும் கம்பி உள்ளதாகப் பார்த்து வாங்கு. இல்லையென்றால் உள்தொட்டியை நிரப்பிக்கொண்டு ஹோஸைக் கழற்றி வடித்து வைத்துவிட்டு பம்பில் ஓட்டு. ரொம்பக் குளிரான ராத்திரிகளுக்கு நான் இதைத்தான் சொல்வேன். குழாயைச் சொட்டவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. சொட்டுச் சொட்டாகப் போகிற தண்ணீர் கழிவுக் குழாயிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். கழிவுத் தொட்டி வால்வையும் மூடியே வை, முக்கால்வாசி நிரம்பியதும் ஒரே மூச்சில் திறந்துவிடு. வெளியே போகும் குழாய் எங்கேயும் தொய்யாமல் சரிவாக இருக்க வேண்டும்.

அப்புறம், கேஸ். நம் அடுப்புச் சிலிண்டரில் புரொப்பேனோடு பியூட்டேனும் கலந்திருக்கும். பியூட்டேன் பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் ஆவியாக எழும்பாது. புரொப்பேன் மட்டும் என்றால் மைனஸ் 42 டிகிரி வரை எழும்பும். அதனால் அந்தக் குளிரிலும் உன் ஃபர்னஸ் எரியும்.

ஆனால் அதன் விசிறி சுற்ற பேட்டரி வேண்டும். என் பயமெல்லாம் இங்கேதான். 2011 டிசம்பர் 30 விடியற்காலையை நீ மறந்திருக்க மாட்டாய். ‘தானே’ புயல் கரண்டுக் கம்பங்களையெல்லாம் சாய்த்துவிட்டுப் போன பிறகு, மேல்நிலைத் தொட்டி வைத்திருந்தவர்களும் குடத்தோடு அடிபம்புக்கு வந்து நின்றார்கள். மோட்டார் நல்ல மோட்டார்தான், கரண்டு இல்லை. உன் ஹோஸ், தொட்டிக்கு அடியில் ஒட்டுகிற ஹீட்டர், எல்லாமே கரண்டை நம்பி இருக்கின்றன. நமக்காவது தண்ணீர்தான் நின்றது. உனக்குக் குழாயே போய்விடும்.

அதனால் கரண்டு போய் சூடு நின்றுவிட்டால் குழாயில் இருக்கும் தண்ணீரை வடித்துவிட வேண்டும். அதற்கு இப்போதே பழகிக்கொள். வண்டிக்கு அடியில் தாழ்வான இடத்தில் தண்ணீரை வடிக்க இரண்டு திருகு இருக்கும், ஒன்று பச்சைத்தண்ணிக்கு, ஒன்று சுடுதண்ணிக்கு. பகலில் ஒருமுறை, அவசரமில்லாத நேரத்தில், நீயே குனிந்து திறந்து மொத்தத்தையும் வடித்துப் பார். தங்கச்சிக்கும் காட்டிக்கொடு. சிங்க் அடியில் வளைந்த குழாயில் தண்ணீர் நிற்கும், அதற்கு ஆர்.வி.க்கென்றே விற்கும் ரோஸ் நிற ஆன்டிஃப்ரீஸை, அதாவது உறையாமல் காக்கும் திரவத்தை ஊற்று. கார் ரேடியேட்டருக்கு ஊற்றுவது விஷம், அதை வண்டிக்குள்ளேயே ஏற்றாதே. இரண்டு கேஸ் சிலிண்டரும் நிரம்பி இருக்கட்டும், பேட்டரியும்.

அம்மா உன்னைக் கேட்டார்கள். சங்கரா மீன் வறுக்கும்போதெல்லாம் உன் பேச்சு வந்துவிடுகிறது.

அந்தத் திருகுகள் எங்கே இருக்கின்றன, வடிய எத்தனை நிமிஷம் ஆனது என்று அடுத்த கடிதத்தில் எழுது. அதுவரை எனக்கு நிம்மதி இல்லை.

அன்புடன்,
ராஜு