பாதியில் அறுந்த பாட்டு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. விருப்ப ஓய்வு வாங்கிவிட்டாய் என்று படித்ததும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. காலை எட்டரை வகுப்புக்கே எழுந்திருக்காதவன் இருபத்தைந்து வருஷம் ஆபீஸ் போனதுதான் அதிசயம். அப்புறம் நீ எழுதியிருந்த அந்த வரி. கல்யாண வீட்டிலும் கோவிலிலும் டீக்கடையிலும் பார்க்கிறவர்கள் எல்லாம் "அடுத்து என்ன?" என்று கேட்கிறார்கள், வாயில் பதில் வரமாட்டேன் என்கிறது என்றாயே, அதற்கு எனக்கும் பதில் தெரியவில்லை. அதனால்தான் எழுதாமல் தள்ளிப்போட்டேன்.

போன சனிக்கிழமை ஒரு விஷயம் நடந்தது, அதைச் சொல்கிறேன். இங்கே எங்கள் தெருமுனையில் பழைய சாமான் விற்கும் தர்மக் கடை ஒன்று இருக்கிறது. மழைக்கு ஒதுங்கினேன். சிடி தட்டில் கை போன போக்கில் புரட்டியபோது ஒன்று அகப்பட்டது. விலை 99 பென்ஸ். 'த சண்டேஸ்' என்ற ஆங்கில இசைக்குழுவின் முதல் ஆல்பம், 'ரீடிங், ரைட்டிங் அண்ட் அரித்மெட்டிக்'. பேரைப் பார்த்து வாங்கினேன், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து போட்டால் இரண்டாவது பாட்டில் கையில் இருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன்.

நம் விடுதி அறையில் ஒரு கேசட் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? சீனியர் ஒருவர் விட்டுப்போனது. அட்டையில் பச்சை மையில் 'கிரான்பெர்ரீஸ்' என்று அந்த அயர்லாந்து இசைக்குழுவின் பேர் எழுதியிருக்கும். பி பக்கம் கடைசியில் ஒரு பெண் குரல், பின்னால் மணி மணியாகக் கிடார். பாட்டு நடுவில் டேப் தீர்ந்து 'டக்' என்று அறுந்துவிடும். பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றி நீ அதையே கேட்பாய். அது கிரான்பெர்ரீஸ் இல்லையடா. இவர்கள்தான். பாட்டின் பேர் என்ன தெரியுமா? 'ஹியர்ஸ் வேர் த ஸ்டோரி எண்ட்ஸ்'. கதை முடிகிற இடம் இதுதான் என்று பேர் வைத்த பாட்டின் முடிவை நாம் மூன்று வருஷமும் கேட்டதே இல்லை.

ஆல்பத்தின் பேரில் ஒரு சிலேடை இருக்கிறது. படிப்பு, எழுத்து, கணக்கு என்று பள்ளிக்கூடத்துப் பாலபாடத்தை இவர்கள் ஒன்றாகச் சேர்த்துச் சொல்வார்கள். அந்த 'ரீடிங்' என்ற எழுத்துக்கூட்டில்தான் நான் இருக்கும் ஊரும் இருக்கிறது, ஆனால் சொல்லும்போது 'ரெடிங்'. வந்த புதிதில் லண்டன் பாடிங்டன் ஸ்டேஷனில் "ரீடிங்குக்கு ஒரு டிக்கெட்" என்று கேட்டேன். கவுண்ட்டரில் இருந்தவர் முகம் மாறாமல் "ரெடிங்" என்று திருத்தினார். பாடகி ஹாரியட் வீலர் வளர்ந்தது இந்தப் பக்கம்தான். இந்தச் சிலேடையைத் தமிழில் எழுதவே முடியாது, கவனித்தாயா? 'ரீ' போட்டால் ஊர் போய்விடும், 'ரெ' போட்டால் படிப்பு போய்விடும்.

வீலரும் கிடார்காரர் டேவிட் கவுரினும் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் சந்தித்த ஜோடி. பேஸ் கிடாருக்கு பால் பிரிண்ட்லி, டிரம்ஸுக்கு பேட்ரிக் ஹானன். த ஸ்மித்ஸ் என்ற புகழ்பெற்ற குழு 1987ல் கலைந்த பிறகு அந்த நாற்காலியில் யாரை உட்கார வைக்கலாம் என்று இங்கே இசைப் பத்திரிகைகள் தேடிக்கொண்டிருந்த நேரம். ஸ்மித்ஸின் பாட்டுகளை வெளியிட்ட ரஃப் டிரேட் கம்பெனியே இவர்களையும் எடுத்துக்கொண்டது. 1989 தொடக்கத்தில் முதல் சிங்கிள், அதாவது தனியாக வெளியிட்ட பாட்டு, 'கான்ட் பி ஷ்யூர்'. விற்பனைப் பட்டியலில் 45க்கு மேல் ஏறவில்லை. ஆனால் பிபிசி ரேடியோ அறிவிப்பாளர் ஜான் பீல் வருஷக் கடைசியில் நேயர்களிடம் ஓட்டு வாங்கி ஐம்பது பாட்டு போடுவார், அதில் அந்த வருஷம் முதலிடம் இதற்குத்தான். 1990 ஜனவரியில் ஆல்பம் வந்து நான்காம் இடம் வரை போனது.

இவர்களிடம் எனக்குப் பிடித்தது சின்ன விஷயங்களைப் பாடுவது. 'மை ஃபைனஸ்ட் அவர்' என்று ஒரு பாட்டு, என் வாழ்க்கையின் உன்னத நேரம் என்று தலைப்பு. என்னவாக இருக்கும் என்று பார்த்தால், பாதாள ரயிலில் ஒரு பவுண்டு காசு கிடந்ததாம், எடுத்தாளாம். நான் சிடி வாங்கியது அதற்கு ஒரு பென்ஸ் குறைவு! அந்தக் குரலையும் சொல்ல வேண்டும். சிறுபிள்ளைக் குரல் போலத் தொடங்கி, ஒரு சொல்லின் நடுவில் திடீரென்று மேலே தாவி, கீழே வராமல் அங்கேயே கொஞ்ச நேரம் நிற்கும். கவுரின் கிடாரில் பெரிய வித்தை எதுவும் காட்டமாட்டார். தந்திகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மீட்டி, அதன்மேல் இன்னொரு கிடார், அதன்மேல் இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போவார்.

அப்புறம் நேரம் சரியில்லை. 1991ல் ரஃப் டிரேட் திவால். நம் கேசட் பாட்டு அமெரிக்காவில் மாடர்ன் ராக் பட்டியலில் முதலிடம் பிடித்தது, ஆனால் கம்பெனி கவிழ்ந்ததில் சொந்த நாட்டில் தனி சிங்கிளாக வெளிவரவே இல்லை. 1998ல் டின் டின் அவுட் என்ற வேறு குழு அதையே நடனத் தாளத்தில் மாற்றிப் போட்டு இங்கே ஏழாம் இடம் வாங்கிவிட்டது.

சண்டேஸின் இரண்டாவது ஆல்பம் 'பிளைண்ட்' 1992ல் வந்தது. எனக்கு அது கொஞ்சம் இழுவை, இரண்டு மூன்று பாட்டைத் தவிர. அதற்குப் பிறகு ஐந்து வருஷம் சத்தமே இல்லை. வீலருக்கும் கவுரினுக்கும் குழந்தை பிறந்தது. வீட்டிலேயே ஸ்டுடியோ வைத்து நிதானமாகச் செய்து 1997ல் மூன்றாவதை வெளியிட்டார்கள், 'ஸ்டாட்டிக் அண்ட் சைலன்ஸ்'. அதன் கடைசிப் பாட்டு 'மானோக்ரோம்'. 1969 ஜூலை, அதிகாலை நாலு மணி. ஒரு சிறுமியும் அவள் அக்காவோ தங்கையோ ஒருத்தியும் மாடியிலிருந்து பூனைபோல் இறங்கி வந்து கறுப்பு வெள்ளை டிவியில் நிலாவைப் பார்க்கிறார்கள். நேரம்கூட அப்படியே சரி. ஆம்ஸ்ட்ராங் கால் வைத்தபோது பிரிட்டனில் அதிகாலை 3.56, நமக்குக் காலை 8.26. அப்பா அதை ரேடியோவில் கேட்டுவிட்டு வேலைக்குப் போனதாகச் சொல்வார்.

அதோடு சரி. சண்டை இல்லை, வழக்கு இல்லை, கடைசிக் கச்சேரி என்று டிக்கெட் விற்கவும் இல்லை. பிள்ளைகளை வளர்க்க வீட்டுக்குப் போனார்கள், திரும்பி வரவில்லை. 2014ல் ஒரு அமெரிக்க விமானக் கம்பெனியின் பத்திரிகைக்கு, பயணிகள் சீட் பையில் கிடக்குமே அது, ஒரு பேட்டி கொடுத்திருக்கிறார்கள். இன்னும் பாட்டு எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். எதுவும் வெளியே வரவில்லை. அவர்களையும் எத்தனை பேர் "அடுத்து என்ன?" என்று கேட்டிருப்பார்கள்!

உனக்கு ஆறுதலாக இருக்கும் என்று இதை எடுத்துச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஒரு வாரமாகக் கேட்டுக் கேட்டு எனக்கே அவர்கள்மேல் கோபம் வருகிறது. இவ்வளவு நன்றாகச் செய்யத் தெரிந்தவர்கள் நான்காவது ஒன்றும் போட்டிருக்கக்கூடாதா என்று. ஆக, டீக்கடையில் உன்னைக் கேட்கிறவர்கள் கூட்டத்தில் நானும் ஒருவன்தான் போலிருக்கிறது. மன்னித்துக்கொள்.

சிடியைப் பார்சலில் போடுகிறேன். உன் பழைய காரில் சிடி போடும் பெட்டி இன்னும் வேலை செய்கிறதா? செய்தால் அதிலேயே கேள், போன் ஸ்பீக்கரில் கேட்காதே. இரண்டாவது பாட்டு நம் கேசட்டில் எந்த இடத்தில் அறுந்துபோகும் என்பதில் எனக்குச் சந்தேகம். இரண்டாவது பல்லவி முடிந்ததும் என்று நினைக்கிறேன். நீ அதற்கும் முன்னால் என்பாய். கேட்டுவிட்டு எழுது.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். பார்சல் அனுப்பினால் சாம்பார் பொடி வேண்டும், கடையில் வாங்கியது வேண்டாம்.

உன் பழைய அறைத்தோழன்