மீன் மணி: துணுக்கில் விடுபட்ட பாதி

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் துணுக்குப் பக்கத்தில் நெதர்லாந்து நாட்டின் 'மீன் மணி' பற்றி நான்கு வரி போட்டிருந்தீர்கள். மீனுக்காக உலகமே காலிங் பெல் அடிக்கிறதாம், வேலை வெட்டி இல்லாதவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு என்று முடித்திருந்தது. மூன்று வருஷமாக அந்த மணியை அடித்து வருகிறவள் நான். மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

உட்ரெக்ட் நகரத்தில் வேர்ட்ஸ்லௌஸ் என்று ஒரு பழைய மதகு இருக்கிறது. படகு போவதற்காகத் திறந்து மூடுகிற மதகு. குளிர் விட்டு, தண்ணீரில் கொஞ்சம் வெதுவெதுப்பு ஏறியதும் மீன்கள் முட்டையிட ஆழமில்லாத இடம் தேடி மேல்பக்கமாகப் புறப்படும். ஆனால் அந்த மாதங்களில் அங்கே படகுப் போக்குவரத்து மிகக் குறைவு. கதவு மூடியே கிடக்கும். வந்த மீனெல்லாம் கதவோரம் கூட்டமாக நிற்கும். நின்றால் சும்மா விடுமா? நீர்க்காகமும் முக்குளிப்பானும் கொத்திக்கொண்டு போய்விடும்.

இதைப் பார்த்துத்தான் 2021-ல் மார்க் வான் ஹூகலம் என்ற சூழலியலாளரும் அவருடன் இருந்தவர்களும் தண்ணீருக்குள் ஒரு கேமரா வைத்தார்கள். படம் நேரடியாக இணையத்தில் ஓடுகிறது. மீன் தெரிந்தால் பார்க்கிறவர் திரையில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். உடனே அந்தக் காட்சி படமாகப் பதிவாகிப் போகும். போதுமான மீன் சேர்ந்துவிட்டது என்று தெரிந்தால் மதகுக்காரர் கதவைத் திறந்துவிடுவார். 'விஸ்டூர்பெல்' என்று பெயர். டச்சு மொழியில் மீனுக்கான வாசல்மணி என்று அர்த்தம். நீங்கள் பாதிச் செய்தியைப் போட்டுவிட்டீர்கள். மணியை அடித்தால் கதவு திறக்கிறது என்கிற பாதிதான் விட்டுப்போனது.

எனக்கு இது ஏன் இவ்வளவு பெரிதாகப் படுகிறது என்றால், என் அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தவர். நீடாமங்கலம் பக்கம் ஒரு நீரொழுங்கியில் ஷட்டர் ஏற்றி இறக்குகிற வேலை. மேட்டூர்த் தண்ணீர் வந்து சேர்ந்த நாட்களில் சாப்பாட்டுத் தூக்கோடு அவரிடம் போவேன். ஷட்டருக்குக் கீழே தண்ணீர் நுரைத்துக்கொண்டு விழும் இடத்தில் கெண்டை எதிரேறிக் குதிக்கும். குதித்துக் கட்டையில் மோதி விழும், மறுபடி குதிக்கும். கரையில் கொக்கு வரிசையாக நிற்கும். வலையோடு ஆட்களும் நிற்பார்கள். "அதுக்கு வழி விட்டா போயிடும் பாப்பா, நாமதான் குறுக்க நிக்கிறோம்" என்பார் அப்பா. அதற்காக ஷட்டரைத் தூக்க அவருக்கு உத்தரவு கிடையாது. உட்ரெக்ட்டில் அந்த உத்தரவை யார் யாரோ முகம் தெரியாதவர்கள் விரல் நுனியால் வாங்கிக் கொடுக்கிறார்கள். எனக்கு இது விளையாட்டாகத் தெரியவில்லை.

பார்ப்பதற்கும் பொறுமை வேண்டும். திரையில் பெரும்பாலும் பச்சைக் கலங்கலும், மிதந்து போகிற தூசி தும்பும்தான். பத்து நிமிஷம், அரை மணி நேரம் ஒன்றும் வராது. அங்கே இரவில்தான் மீன் நடமாட்டம் அதிகம். நமக்கு அதிகாலை ஐந்தரை மணி என்றால் மார்ச் தொடக்கத்தில் அங்கே இரவு ஒரு மணி. வாசல் தெளிப்பதற்கு முன்னால் போனைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருவேன். சென்ற வருஷம் ஒருநாள் கலங்கலுக்குள்ளிருந்து ஒரு பெர்ச் மீன் மெதுவாக முன்னால் வந்தது. உடம்பில் கறுப்புப் பட்டை, அடித் துடுப்பு நல்ல சிவப்பு. கேமராவுக்கு நேர் எதிரே நின்று வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. பொத்தானை அழுத்தும்போது என் கை நடுங்கியது உண்மை.

இப்படி இணையத்தில் கிடைக்கிற வேடிக்கைகளுக்கு அடியில் பெரும்பாலும் ஒரு தேவை இருக்கிறது. கேம்பிரிட்ஜ் கணினி ஆய்வகத்தில் 1991-ல் காபிப் பாத்திரத்துக்கு எதிரே கேமரா வைத்தது, மாடிப்படி ஏறி இறங்கி வந்து காலிப் பாத்திரத்தைப் பார்த்து ஏமாந்த ஆட்களால்தான். 2001 வரை அது ஓடியது. வெப் கேமராவுக்கெல்லாம் முன்னோடி அது.

மெல்போர்ன் மரங்கள் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். நீண்ட வறட்சியில் அந்த நகரத்து மரங்கள் பட்டுப்போகத் தொடங்கின. மாநகராட்சி எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட மரங்களுக்கு எண் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் மின்னஞ்சல் முகவரியும் வைத்தது. கிளை முறிந்தால், ஆபத்தாகச் சாய்ந்தால் மக்கள் தெரிவிக்கட்டும் என்றுதான். மக்களோ மரத்துக்கே கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். தினமும் உன்னைத் தாண்டித்தான் போகிறேன், நீ எவ்வளவு அழகு என்று காதல் கடிதங்கள். சில கடிதங்களுக்கு மரத்தின் பெயரில் பதிலும் போயிருக்கிறது! புகார்ப் பெட்டி வைத்த இடத்தில் அன்பு வந்து விழுந்திருக்கிறது. இதை நான்கு வரியில் எப்படிச் சொல்ல முடியும்?

இணையம் என்றாலே நம் பத்திரிகைகளில் ஓடிபி மோசடி, போலிச் செய்தி, பிள்ளைகள் கெட்டுப்போவது. அதெல்லாம் அவசியம்தான், எழுதுங்கள். அப்புறம் மாதம் ஒரு பக்கமாவது இந்த மாதிரி விஷயங்களுக்கு ஒதுக்குங்கள். வேடிக்கையோடு காரணத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

மீன் மணி மார்ச் மாதம் தொடங்கி மே கடைசி வரை இயங்கும். பிப்ரவரி இதழிலேயே இதை விவரமாகப் போட்டால் பள்ளி ஆசிரியர்கள் வகுப்பில் காட்ட வசதியாக இருக்கும். மதியம் இரண்டு மணிக்குப் பார்த்தால் அங்கே காலை வெளிச்சம் வந்திருக்கும். தண்ணீர் கொஞ்சம் தெளிவாகத் தெரியும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
நீடாமங்கலம்.