டண்டினோங் கவுன்சில்காரருக்கு ஒரு நன்றி மடல்

வணக்கம். மெல்பேர்ண் கிறேற்றர் டண்டினோங் கவுன்சிலில வேலை செய்யிற எல்லாருக்கும்தான் இது. தமிழில எழுதிறன், இங்கிலிஷில எழுதினா மனசில இருக்கிறதில பாதிதான் வரும், வாசிச்சுச் சொல்ல எங்கட ஆக்கள் உங்களிட்டயே இருக்கினம்.

நாங்கள் 2012 கடைசியில அடைக்கலம் கேட்டுப் படகில வந்தனாங்கள். தடுப்பு முகாமால வெளியில விட்ட நாளில இருந்து, முடிவு வருமட்டும் இருக்கத் தாற பிறிட்ஜிங் விசாதான், அது முடியும், திருப்பிப் போடுவம், மாசக்கணக்கில பதில் வராது, அதுக்குள்ள மெடிகெயார் எண்ட அரசாங்க மருத்துவ உதவி நிண்டுடும், வேலை குடுத்தவரும் பேப்பர் எங்க எண்டு கேப்பார். எங்க போனாலும் முதல் கேள்வி என்ன விசா எண்டுதான். அதைக் கேக்காத இடம் எண்டு நான் கண்டது உங்களிட்டத்தான்.

மகள் பிறந்து வீட்டை வந்து கொஞ்ச நாளில கதவு தட்டிக் கேட்டுது. இமிக்ரேசன் ஆக்களாக்கும் எண்டு எனக்குக் கை நடுங்கினது. பாத்தா கவுன்சில் நேர்ஸ். சப்பாத்தைக் கழட்டி வைச்சிட்டு உள்ள வந்து, பிள்ளையைத் தராசில கிடத்தி நிறுத்து, போனில தமிழ் கதைக்கிற ஒராளைப் பிடிச்சு, நீங்கள் சாப்பிட்டனீங்களா, நித்திரை கொள்ளுறீங்களா எண்டு என்னைப் பற்றித்தான் கூடக் கேட்டவா. அம்மா பக்கத்தில இருந்திருந்தாக் கேட்டிருப்பா. மூண்டரை வயசு மட்டும் 10 தரம் பாத்தவை, ஒரு சதம் வாங்கேல்லை. பிள்ளையின்ர வளர்ச்சியை எழுதி வைச்ச அந்தப் பச்சைக் கொப்பி இப்பவும் அலுமாரியில இருக்கு.

கிண்டருக்கு, அதுதான் பாலர் வகுப்புக்கு, பதிய வந்தபோது, அடைக்கலம் கேட்டு வந்த குடும்பத்துப் பிள்ளையளுக்கு மூண்டு வயசிலயே இலவசம் எண்டு தானாச் சொல்லி, போம் முழுக்க என்னோட இருந்து நிரப்பின தங்கச்சிக்கும் நன்றி. லைப்ரரியில இங்கிலிஷ் கதைச்சுப் பழகின அந்த வட்டத்துக்கும். வியட்நாம் அம்மா ஒராள், ஆப்கான் பிள்ளையள் ரெண்டு பேர், நான், எல்லாரும் பிழைபிழையாக் கதைச்சுத்தான் சிநேகிதமானம், இண்டைக்கு என்ர பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டா முதல் போன் அந்த அம்மாவுக்குத்தான்.

2018ல மத்திய அரசாங்கம் எங்கட ஆக்களின்ர உதவிக்காசை வெட்டினது. அதுவே வேலையில்லாத ஆக்களுக்குக் குடுக்கிறதில 89 வீதம்தான், அதையும் வெட்டினா வாடகை எப்பிடிக் கட்டுறது, எத்தினை வீட்டில அரிசி முடிஞ்சது. அப்ப நீங்கள் வேற கவுன்சில்களையும் சேர்த்துக்கொண்டு, இவை எங்கட அயலவர், அயலவருக்குத் துணையா நில்லுங்கோ எண்டு அரசாங்கத்திட்டக் கேட்டனீங்கள். எங்களிட்ட வோட்டு இல்லை. எங்களுக்காகக் கதைச்சு ஒரு கவுன்சிலருக்கும் ஒரு வோட்டுக் கூடப்போறேல்லை, தெரிஞ்சும் கதைச்சனீங்கள், அதை நான் சாகும்வரை மறக்கமாட்டன்.

2023ல தற்காலிக விசாவில இருந்த கிட்டத்தட்ட 19,000 பேருக்கு நிரந்தரமா இருக்க வழி வந்தது, நாங்கள் அதுக்குள்ள இல்லை. இன்னும் காத்துக்கொண்டுதான் இருக்கிறம், தயவுசெய்து எங்களுக்காகக் கதைக்கிறதை விட்டிடாதேங்கோ.

அந்த நேர்ஸ் இப்ப எங்க வேலை செய்யிறா எண்டு தெரியேல்லை. ஆராவது அவாவைக் கண்டா, தராசில கிடந்து வீரிட்டுக் கத்தின பிள்ளை இப்ப ஸ்பிறிங்வேல் லைப்ரரியில கிழமைக்கு ஆறு புத்தகம் எடுக்கிறா எண்டு சொல்லுங்கோ.

நோபிள் பார்க்கில இருந்து ஒரு தாய்